அவிழ்க்காத முடிச்சோடு வாங்கிய ரேசிங் சைக்கிள்

பழைய இரும்பு ரேசிங் சைக்கிள் வாங்கப் போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதித் தரும்படி, கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும் கேட்டிருந்தீர்கள். சீட்டைத் தாங்கும் குழாய் துருவேறி இறுகிவிட்டதா, சக்கரம் நேராகச் சுற்றுகிறதா, சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் கைப்பேசியில் தேடினால் என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். படமும் காட்டுவார்கள். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் நான் அதையே திரும்ப எழுதுவதில் பொருளில்லை. பார்க்கத் தெரிந்த ஒருவன் எப்படிப் பார்க்காமல் விட்டான் என்பதை மட்டும் எழுதுகிறேன். அந்த ஒருவன் நான்தான்.

மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் நம் கடைக்குப் பழைய சைக்கிள் வாங்கி வருவதே என் வேலையாக இருந்தது. வாங்கிய ஒவ்வொரு சைக்கிளுக்கும் என் குறிப்பேட்டில் ஒரு பக்கம் உண்டு. நாள், கிழமை, நேரம், ஊர், மழையா வெயிலா, கொடுத்தவர் யார், எந்தெந்த இடத்தைப் பார்த்தேன், எது சரி, எது சரியில்லை. வரலாற்றுப் புத்தகங்களைப் படித்துப் படித்து வந்த பழக்கம் இது. நாளும் நேரமும் குறிக்காத எதையும் என்னால் நம்ப முடியாது. குறித்துவிட்டால் நம்பிவிடுவேன். என் குறை அங்கேதான் இருந்தது. அதை நான் தெரிந்துகொள்ள வெகு காலம் ஆயிற்று.

ஒரே ஒரு தொழில் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. ஹேண்டல் நிற்கும் இடத்திலிருந்து பெடல் இருக்கும் இடத்துக்கு ஒரு குழாய் சாய்வாக இறங்குகிறது அல்லவா? முன்னால் எதிலாவது பலமாக மோதிய சைக்கிளில், அந்தச் சாய்வுக் குழாயின் மேல் முனைக்குச் சற்றுக் கீழே, அடிப்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. விரல் வைத்துத் தடவினால் தெரியும். புடைத்த இடத்தில் என்றாவது ஒருநாள் விரிசல் விடும். இறக்கத்தில் வேகமாகப் போகும்போது விட்டால், ஹேண்டல் ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். எனக்கு இந்த வேலையைப் பழக்கிய சீன முதலாளி, அந்தத் தவுக்கே, தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்தைத் தடவுவார். கண் குறுக்கே வரக்கூடாது என்பது அவர் கொள்கை. நானும் அப்படியேதான் செய்துவந்தேன். ஒரு வியாழக்கிழமை தவிர.

தேவிகா புந்தோங்கில் இருப்பவர். ஒரு கிளினிக்கில் தாதி. நாற்பது வயதைத் தாண்டியபின் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஞாயிறுதோறும் சிம்பாங் பூலாயில் தொடங்கி கேமரன் மலைக்கு ஏறும் ஒரு குழுவோடு சேர்ந்தார். அவரிடம் இருந்ததோ சந்தைக்குப் போகிற கனமான சைக்கிள். புது ரேசிங் சைக்கிள் விலையைக் கேட்டுவிட்டு, நம் கடைக்கு வந்து பழையது ஒன்று பார்த்துத் தரச் சொன்னார். சிக்கல் அவர் உயரம். ஐந்தடி பத்தங்குலம். நம் பக்கத்தில் கிடைக்கும் பழைய ரேசிங் சைக்கிள்கள் எல்லாம் குள்ளமானவை. ஒன்றரை வருடம் மாதம் ஒருமுறை வந்து கேட்டார்.

"அண்ணே, இன்னிக்காவது இருக்கா?"

"உங்க காலுக்கு ஒட்டகம்தான் தேடணும் தேவிகா."

"ஒட்டகமா இருந்தாலும் கியர் இருந்தா போதும்லா. எல்லாரும் மேல போயி ஸ்ட்ராபெரி வாங்கிட்டு வராங்க. நான் அடிவாரத்துல ஒக்காந்து அவங்க செருப்புக்குக் காவல் இருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்த மலையை ஒருமுறையாவது ஏறி இறங்க வேண்டும் என்பதில் அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியும். அவருக்கு ஒன்று தேடிக்கொடுக்க வேண்டும் என்பது நாளடைவில் என் ஆசையாகவும் ஆகிவிட்டது. வாங்கப் போகிறவனுக்கு ஆசை வந்தால் ஆபத்து. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

தைப்பூசத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லாத அந்த வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே காலுக்கு நான் சுங்கை சிப்புட்டில் இருந்தேன். ரப்பர் தோட்டம் செம்பனையாக மாறியபோது லயத்து வீடுகளிலிருந்து வெளியே வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த தாமான் குடியிருப்பு அது. விற்பவர் லெட்சுமி அக்கா. அவருடைய மகன் ஜொகூரில் வேலை செய்கிறார். மகன் ஓட்டிய சைக்கிள் பின்னறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை நிறம், மெல்லிய இரும்புக் குழாய்கள். நாடாவை எடுத்து அளந்தேன். தேவிகாவுக்கென்றே செய்தது போன்ற அளவு. இன்னொரு முறை அளந்தேன். அதே அளவு.

"தேத்தண்ணி போடவா தம்பி?"

"போடுங்கக்கா. சீனி கம்மியா."

அவர் அடுப்படிக்குப் போனார். நான் சைக்கிளை இறக்கி ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியாகச் சாய்வுக் குழாய். வழக்கம்போல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு விரலை வைத்தேன். விரலில் இரும்பு படவில்லை, துணி பட்டது. குனிந்து பார்த்தேன். ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, அதில் ஒரு காசு வைத்து முடிந்திருந்தது. யாரோ எதற்கோ வேண்டிக்கொண்டு கட்டிய நேர்த்தி முடிச்சு. இன்னொருவர் வேண்டுதலில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். விரலை எடுத்துக்கொண்டேன்.

பக்திதான் காரணம் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அடுப்படி பத்தடி தூரத்தில் இருந்தது. "அக்கா, இதை அவுத்துப் பாக்கலாமா?" என்று கேட்க எனக்கு வாய் இருந்தது. கேட்டால், அவிழ்த்தால், அங்கே ஏதாவது இருந்துவிட்டால், ஒன்றரை வருடம் தேடிய சைக்கிளைச் சுவரிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். அந்தப் பாதிக்குப் பக்தி என்று பெயர் வைக்க முடியாது. குறிப்பேட்டில் எழுதினேன்: "சாய்வுக் குழாய், சரி." பேனா தயங்கக்கூட இல்லை.

தேத்தண்ணியைக் குடித்தேன். விலை பேசி முடித்தேன். சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நானே அதைப் பிரித்துப் பூட்டினேன். டயர், பிரேக் கட்டை, கம்பிகள் எல்லாம் புதிது. சோப்புத் தண்ணீரில் கழுவினேன். அந்த மஞ்சள் துணி நனையாமல், அதைச் சுற்றிச் சுற்றிக் கழுவினேன். சனிக்கிழமை காலை தேவிகா வந்து அதைப் பார்த்ததும் சீட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு ஏறிக் கடை முன்னால் இரண்டு சுற்று வந்தார். கால் முழுதாக நீண்டது.

"அண்ணே, இது என்ன மஞ்சத் துணி?"

"கொடுத்தவங்க வேண்டுதல் போல."

"அப்ப இருக்கட்டும். சாமி தொணையா வரட்டும். நாளைக்கே மலைக்குப் போறேன்."

நானும் சரி என்றேன். பாருங்கள், நாங்கள் மூன்று பேர். கட்டியவர் ஒருவர், வாங்கியவன் ஒருவன், ஓட்டப்போகிறவர் ஒருவர். மூவருமே அந்தத் துணியை மரியாதையாகப் பார்த்தோம். கட்டிய பிறகு அதற்கு அடியில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு ஐந்துக்குக் கைப்பேசி அடித்தது. லெட்சுமி அக்கா.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்த சைக்கிள்ல ஒரு முடிச்சு இருந்துச்சுல்ல, அது எனக்கு வேணும். தைப்பூசத்துக்கு பால்கொடம் எடுக்குறேன். அந்தக் காச உண்டியல்ல போடணும். வெரதம் ஆரம்பிச்ச பெறகுதான் நெனப்பு வந்துச்சு. சுசாவா போச்சு ஒங்களுக்கு."

"ஒரு சிரமமும் இல்லக்கா. வாங்கித் தாரேன். என்ன வேண்டுதல்?"

வெறும் பேச்சுக்குத்தான் கேட்டேன். வியாழக்கிழமை கேட்க வேண்டிய கேள்வியை ஞாயிற்றுக்கிழமை தற்செயலாகக் கேட்டேன்.

"மகன் லோரி பின்னால போயி மோதிட்டான்லா. எட்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தான். கையில கட்டலாம்னு போனேன், நர்ஸ் மிஸ்ஸி விடல, மாவுக்கட்டு போட்டிருக்குன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து சைக்கிளப் பாத்தா, முன்னால கம்பியில பெயிண்டு வெடிச்சு அசிங்கமா இருந்துச்சு. பாக்க மனசு கேக்கல. அது மேலயே கட்டிட்டேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அக்கா, அதுக்கப்புறம் தம்பி அத ஓட்டினாரா?"

"எங்க விட்டேன்? முன் சக்கரத்தையும் அதத் தாங்குற கவட்டையையும் மாத்திட்டு வந்தான். ஏறக் கூடாதுன்னு செவுத்துல மாட்டினதுதான். ஏன் தம்பி? நீங்கதான் எல்லாத்தையும் தடவித் தடவிப் பாத்தீங்களே, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். தேவிகாவை மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. மலை ஏறுகிறவர்கள் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுவார்கள். "ஓட்ட வேண்டாம், இறங்கி நில்லுங்கள்" என்று ஒரு செய்தி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததாக அடையாளம் வரவில்லை.

அவர்கள் ஆறரைக்கு அடிவாரத்தில் கிளம்பியிருப்பார்கள். அன்று அவர்கள் திட்டம் பாதி மலைவரைதான் என்று சனிக்கிழமை சொல்லியிருந்தார். ஏறுவது மெதுவாகத்தான் நடக்கும். ஏறும்போது குழாய் போனாலும் சாய்ந்து விழுந்து முழங்கையில் சிராய்ப்போடு தப்பிவிடலாம். இறங்கும்போது அப்படியில்லை. அவர் சைக்கிளைத் திருப்புவதற்குள் நான் போய்ச் சேர வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன்.

போகும் வழியெல்லாம் என் மனம் எனக்கு வக்கீலாக வாதாடியது. பெயிண்டு மட்டும்தான் வெடித்திருக்கும். ஒன்றும் இருக்காது. நீ போய் நின்றால் உன் பெயர்தான் கெடும். வழக்கமாக எனக்குச் சாட்சி சொல்லும் குறிப்பேடு அன்று உதவவில்லை. அதில் எழுதியிருந்ததே பொய். பார்த்துச் சரியில்லை என்றால் ஒரு முடிவுக்கு வரலாம். பார்த்துச் சரி என்றாலும் ஒரு முடிவுக்கு வரலாம். பார்க்காததை வைத்துக்கொண்டு மனிதன் என்ன முடிவுக்கு வருவது?

சிம்பாங் பூலாயைத் தாண்டி மலை தொடங்கியதும் காய்கறி லோரிகள் எதிரே இறங்கிக்கொண்டிருந்தன. இறங்கி வரும் ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்தேன். பச்சை இல்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. பெட்டாய்க்காய் விற்கும் கொட்டகைகளின் அருகே அந்தக் குழு நின்றிருந்தது. காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கித் தேவிகாவைக் கேட்டேன்.

தலைக்கவசத்தைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆள் சிரித்தார். "இவ்வளவு நாள் எங்க செருப்பப் பாத்துக்கிட்ட ஆளு அண்ணே, இன்னிக்கு எங்க எல்லாரையும் தாண்டிட்டாங்க. இன்னும் ரெண்டு வளைவு ஏறிட்டு எறங்கி வாரேன்னு போனாங்க. போயி ரொம்ப நேரமாச்சு, இப்ப வந்துடுவாங்க."

முதல் வளைவில் இல்லை. இரண்டாவது வளைவைத் திரும்பியதும் மேலே பார்த்தேன். நேரான, செங்குத்தான ஒரு துண்டுச் சாலை. அதன் உச்சியில் தேவிகா சைக்கிளைத் திருப்பி, ஒரு காலைப் பெடலில் வைத்தபடி உருளத் தொடங்கியிருந்தார்.

ஹார்னில் கை போனது. அடிக்கவில்லை. இந்த ஒன்றுக்காக மட்டும் அன்றைய என்னை நான் குறை சொல்ல மாட்டேன். ஹார்ன் அடித்தால் பதறுவார். பதறினால் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பார். இறுக்கிப் பிடித்தால் முழுப் பாரமும் அந்தக் குழாயில்தான் விழும். காரை ஓரமாக நிறுத்தி, இறங்கி, சும்மா வழியில் பார்த்த ஆளைப் போல் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"தேவிகா! மெதுவா, மெதுவா. ஒரு போட்டோ எடுக்கலாம், எறங்குங்க!"

அவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். பிரேக்கை மெல்லப் பிடித்து, என் முன்னால் வந்து நின்று, காலை ஊன்றினார்.

"நீங்க எங்கண்ணே இங்க? மலைக்குக் கார்ல வர்றது ஏமாத்து வேலைலா!"

சைக்கிள் ஹேண்டலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

"போட்டோ எல்லாம் இல்ல. இந்த சைக்கிள் அடிபட்டது. அந்தத் துணி இருக்கிற எடத்த நான் பாக்கல. பாத்தேன்னு எழுதிட்டேன். இதுல நீங்க எறங்க வேணாம்."

அவர் முகம் மாறியது. "அண்ணே, ஒன்றரை வருசம் காத்திருந்தேன். ஏறியும் வந்துட்டேன். இப்ப எறங்காதன்னா என்ன அர்த்தம்?"

"அவுத்துப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னா போலாம்."

"அப்ப அவுங்க."

முடிச்சில் கை வைத்தேன். அப்போதும் என் விரல் தயங்கியது. இத்தனை நடந்த பிறகும். தேவிகா என்னைப் பார்த்தார். பிறகு என் கையைத் தள்ளிவிட்டார்.

"தள்ளுங்க அண்ணே. கட்டு அவுக்கிறது எனக்குத் தெனப்படி வேல."

நகத்தால் முடிச்சைத் தளர்த்தி, காசை எடுத்துக் கண்ணில் ஒற்றி என் சட்டைப்பையில் போட்டார். பிறகு சுற்றைப் பிரித்தார். கடைசிச் சுற்றுத் துணி துருவில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அடியில் பச்சைப் பெயிண்டு செதில் செதிலாக எழும்பியிருந்தது. குழாயின் அடிப்பக்கம் புடைத்திருந்தது. புடைப்பின் குறுக்கே ஒரு கோடு. பழைய துரு மங்கலான பழுப்பாக இருக்க, அந்தக் கோட்டின் நடுவே மட்டும் இரும்பு புதிதாக மின்னியது. அன்று காலை திறந்த விரிசல் அது. தேவிகா விரல் நகத்தை அதில் வைத்தார். நகம் உள்ளே இறங்கியது. குழாயின் சுற்றளவில் பாதிக்குமேல் போயிருந்தது.

"ஏறும்போது ஹேண்டல் ஒரு மாதிரி ஆடிச்சு அண்ணே" என்றார் மெதுவாக. "என் கைதான் நடுங்குதுன்னு நெனச்சேன்."

சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு லோரிகள் கடந்து போயின. கொஞ்ச நேரம் கழித்து அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. போட்டோ எடுக்கலாம்னு சொன்னீங்களே, கையில போன்கூட இல்லாம."

உண்மைதான். கைப்பேசி காரில் கிடந்தது. நானும் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

சைக்கிளைக் கடை திரும்ப எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை அதே சாய்வுக் குழாயை நானே ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன், வேறு யார் கைக்கும் அது போகக் கூடாது என்று. பிறகு குறிப்பேட்டைத் திறந்து, "சரி" என்பதை அடித்துவிட்டு "பார்க்கவில்லை" என்று எழுதினேன். அடித்தது தெரியும்படி ஒரே கோடு. அத்தனை வருடக் குறிப்பேடுகளையும் அன்று மாலை புரட்டிப் பார்த்தேன். "பார்க்கவில்லை" என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும், எல்லாப் பக்கத்திலும் எல்லாவற்றையும் பார்த்திருக்க முடியுமா? அந்தச் சொல் இல்லாத குறிப்பேட்டை நீங்கள் நம்பாதீர்கள். உங்கள் குறிப்பேடாக இருந்தால் இன்னும் குறைவாக நம்புங்கள்.

காசை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் லெட்சுமி அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"நான் ஒங்ககிட்ட மறைக்கலையே தம்பி."

"நீங்க மறைக்கலக்கா. நான் கேக்கல."

"கேட்டிருந்தா அவுத்துக் கொடுத்திருப்பேனே! முருகன் அந்தத் துணிக்குள்ளயா ஒக்காந்திருக்காரு?"

காசை அவர் கையில் வைத்தேன். அவர் தேத்தண்ணி போட எழுந்தார். "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று அடுப்படியிலிருந்து கேட்டார். சொன்னேன். பால்குடம் எடுக்கும்போது மகன் பெயரோடு அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். விற்கிறவர் வீட்டில் சாமிப் படம் இருக்கும், இறந்தவர் படம் இருக்கும், பிள்ளையின் பரிசுக் கோப்பை இருக்கும். சைக்கிளில் திருநீறு இருக்கும், கயிறு இருக்கும். எதையும் பிடுங்காதீர்கள், எதையும் தாண்டியும் போகாதீர்கள். கேளுங்கள். கேட்டதற்காக இதுவரை யாரும் என்னை வீட்டைவிட்டு விரட்டியதில்லை. அவிழ்க்கக் கூடாது என்று அவர்கள் சொன்னால் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வாருங்கள்.

நான்கு மாதம் கழித்துச் செமோரில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் ஒரு நீலச் சைக்கிள் கிடைத்தது. பச்சையைவிட அரை அங்குலம் சிறியது. சீட்டை உயர்த்திச் சமாளிக்கலாம். அவரிடம் நான் முதலில் கேட்டது விலையை அல்ல. "சார், இது எதுலயாவது மோதியிருக்கா?" பொறுமையாக யோசித்து, "ஒருமுறை கோழி குறுக்கே வந்தது" என்றார். எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த இரண்டாவது ஞாயிறு, காலை பத்தரைக்கு, சிம்பாங் பூலாயில் மலைச்சாலையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வருவதாகத் தேவிகாவிடம் சொல்லவில்லை. தேத்தண்ணி வந்து ஏடு படிந்துவிட்டது. பத்து ஐம்பதுக்கு வளைவில் நீல நிறம் தெரிந்தது. குனிந்த முதுகு, நீண்ட கால்கள், பின்னால் படபடக்கும் சட்டை. எழுந்து நின்று கை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வந்த வேகத்தில் கடையைத் தாண்டிப் போய்விட்டார். பின்னால் வந்த அந்தப் பெரிய ஆள், "ஏய் தேவிகா, நில்லு! செருப்பு இங்கதான் இருக்கு!" என்று கத்திக்கொண்டே போனார்.

நான் உட்கார்ந்து, ஆறிய தேத்தண்ணியை முழுதும் குடித்தேன்.